அயல்நாட்டுச் சிட்டிகை: கடல் கடந்து மூக்குப்பொடி வாங்குதல் குறித்த ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வின் தேவை

வெளிநாட்டுப் பயணம் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுக்குக் குறைவில்லை. எந்த ஊரில் இட்லி கிடைக்கும், எந்த ஊரில் காபிக்குச் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பதிவாகிவிட்டன. ஆனால், ஊரிலிருந்து எடுத்துப்போன பொடி மட்டை நடுவழியில் காலியானால் ஒரு தமிழ் மூக்கு எங்கே போய் நிற்பது என்பதை அறிஞர்கள் கண்டுகொள்ளவே இல்லை. இந்தப் பெருங்குறையைப் போக்குவதே கட்டுரையின் நோக்கம். இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி தரவில்லை, கேட்கவும் இல்லை.

2. கருதுகோள்

பொடி போடுவோர் இரு வகையினர்: டப்பா வைத்திருப்பவர், டப்பா வைத்திருப்பவரின் பக்கத்தில் உட்காருபவர். பிந்தியவர்களே பெரும்பான்மை. பேருந்தில் முன்பின் தெரியாதவரிடம் பத்து ரூபாய் கேட்கக் கூசுகிறவர்கூட, "ஒரு சிட்டிகை கொடுங்க சார்" என்று கூசாமல் கையை நீட்டுவார். ஆகவே பொடி, அடிப்படையில், வாங்கும் பொருளன்று, கேட்கும் பொருள். இதிலிருந்து பிறப்பதுதான் பொடியியலின் முதல் விதி: பொடியின் விலை குறையக் குறைய, அதைப் பெறுவதற்கு வேண்டிய தகுதி கூடும்.

வரலாறு இதை உறுதி செய்கிறது. 1560 வாக்கில் லிஸ்பனில் பிரெஞ்சுத் தூதராக இருந்த ஜான் நிக்கோ, தலைவலிக்கு நல்லது என்று புகையிலையைப் பாரிஸ் அரண்மனைக்கு அனுப்பினார். "வரும்போது கொஞ்சம் வாங்கிட்டு வா" என்ற மரபின் மூலபுருஷர் அவரே. நிகோட்டினுக்குப் பெயர் கொடுத்தவரும் அவரே. அரண்மனைக்குப் பொடி செலவில்லாமல் வந்தது. ஆனால் அதைப் பெற அரண்மனைவாசியாக இருக்க வேண்டியிருந்தது. 1702-இல் ஜார்ஜ் ரூக் தலைமையில் போன ஆங்கிலேயக் கப்பற்படை, ஸ்பெயின் கரையோரம் ஏராளமான பொடியைக் கைப்பற்றி ஊருக்குக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் பொடிப் பழக்கம் பரவ அதுவும் ஒரு காரணம். விலை: சுழியம். தகுதி: சொந்தமாக ஒரு கப்பற்படை.

இனி இக்கால வகைகளைக் காண்போம்.

3. இலவசப் பொடி

லண்டனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை வாசலில் இது கிடைக்கிறது. அவைக்குள் புகைபிடிக்கக் கூடாது என்று 1693-இல் தீர்மானம் போட்டார்கள். வாயை அடைத்தவர்கள் மூக்கைத் திறந்துவிட்டார்கள். தலைமை வாயிற்காவலரின் பொறுப்பில் ஒரு பொடி டப்பா இருக்கும். உறுப்பினர்கள் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், காசில்லை. 1941-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அவையோடு பழைய டப்பாவும் போயிற்று. இடிபாட்டில் கிடைத்த ஓக் மரத்திலேயே புது டப்பா செய்துகொண்டார்கள். அமெரிக்க செனட் அவையிலும் இப்படி இரண்டு டப்பாக்கள் உண்டு.

பயணி கவனிக்க வேண்டியது: இந்தச் சிட்டிகைக்குப் பிரிட்டிஷ், அயர்லாந்து, காமன்வெல்த் குடியுரிமைகளில் ஒன்றும், ஒரு தொகுதியும், அதில் வெற்றியும் தேவை. காமன்வெல்த் நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பதால், அங்கே சட்டப்படி குடியமர்ந்த தமிழருக்கு வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. ஆனால் ஒரு வாரச் சுற்றுலாவில் முடிகிற காரியமன்று.

4. மரியாதைப் பொடி

மங்கோலியாவில் பொடி என்பது வணக்கம். விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் பட்டுப் பையிலிருந்து ஒரு கல் குப்பியை எடுத்து, மூடியைச் சற்றே தளர்த்தி, வலக்கையால் நீட்டுவார். விருந்தாளி தன் குப்பியை அவரிடம் நீட்டுவார். ஆளுக்கொரு சிட்டிகை எடுக்கலாம். வேண்டாமென்றால் மூடியருகே முகர்ந்துவிட்டுத் திருப்பித் தரலாம். மறுப்பதுதான் கூடாது. நம் ஊர் வெற்றிலைத் தட்டுக்கு உள்ள இடம் அங்கே அந்தக் குப்பிக்கு.

இங்கும் காசு கேட்பதில்லை. ஆனால் புல்வெளியைத் தாண்டி ஒரு கூடாரத்தை அடைந்து, நாயைச் சமாளித்து, விருந்தாளியாக ஏற்கப்பட வேண்டும். முதல் விதி இங்கும் வழுவாமல் நிற்கிறது.

5. விலைப் பொடி

காசு கொடுத்து வாங்குவதென்று முடிவு செய்த பயணி, முதலில் பழம்பெருமையை நம்பாதிருக்கக் கற்க வேண்டும். ஸ்பெயினின் செவில் நகரில் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய அரசுப் புகையிலை ஆலை ஓர் அரண்மனை மாதிரி நிற்கிறது. பொடி அரைப்பதற்காக எழுப்பிய மாளிகை அது. அங்கே போய்ப் பொடி கேட்டால் பட்டம்தான் கிடைக்கும். இன்று அது செவில் பல்கலைக்கழகம். லண்டன் ஹேமார்க்கெட்டில் 1720 முதல் பொடி விற்ற ஃப்ரைபர்க் அண்ட் டிரையர் 1981-இல் கடையை மூடிவிட்டது. ஷெஃபீல்டில் 1737-இல் தொடங்கிய வில்சன் பொடியும், கெண்டலில் 1792-இல் தொடங்கிய சாமுவேல் கேவித் பொடியும் இங்கிலாந்தின் மானத்தைக் காத்தன.

இந்தத் துறையின் காசி தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலம். 1902-இல் தொடங்கிய பொஷல் நிறுவனம், லான்ட்ஸ்ஹூட் அருகே கைசன்ஹவுசன் என்ற சிற்றூரிலிருந்து உலகின் பல மூலைகளுக்குப் பொடி அனுப்புகிறது. 2010-இல் பவேரிய மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, மதுக்கடைகளிலும் விழாக் கூடாரங்களிலும் புகையை விரட்டினார்கள். பொடியை யாரும் தொடவில்லை. மியூனிக் நகரின் அக்டோபர் பீர் விழாவில் அது இன்றும் கை மாறுகிறது.

வாங்கும் முறை எளிது. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாக இருக்கக் கூடாது, கடைகள் மூடியிருக்கும். புகையிலைக் கடையில் பொடியின் ஜெர்மன் பெயர் நாக்கில் புரளாவிட்டால் மூக்கைத் தொட்டுக் காட்டலாம். ஆனால் கடைக்காரர் எதிரேயுள்ள மருந்துக் கடைக்குக் கை காட்டிவிடும் அபாயம் உண்டு.

கிடைப்பவை இரு சாதி. ஒன்று, கிளெட்ஷர்பிரீஸ் போன்ற மெந்தால் பொடி. உள்ளங்கைக்குள் ஒடுங்கும் தட்டையான பிளாஸ்டிக் டப்பா, 10 கிராம். மூடியைத் தள்ளினால் சிறு துளை. இடது புறங்கையில் இரண்டு தட்டு தட்டினால் பழுப்பாக ஒரு குட்டிக் குவியல். நம்மவர் இரு விரலால் கிள்ளி எடுப்பதை அவர்கள் புறங்கையில் கொட்டி மூக்கை அதனிடம் கொண்டுபோகிறார்கள். கட்டைவிரலை விறைப்பாக நிமிர்த்தினால் மணிக்கட்டோரம் விழுகிற பள்ளமும் இதற்கு உதவும். உடற்கூற்று நூல்களில் அந்தப் பள்ளத்துக்குப் பொடி டப்பா என்றே பெயர். விழுந்தவருக்கு மணிக்கட்டு எலும்பு உடைந்திருக்கிறதா என்று மருத்துவர் அழுத்திப் பார்க்கும் இடமும் அதுவே.

நெடுங்காலப் பட்டணம் பொடி அனுபவம் உள்ள என் மாமாவிடம் இந்த மெந்தால் வகை பரிசோதனைக்கு வைக்கப்பட்டது. ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். தும்மல் வரவில்லை. "என்ன மாப்ளே இது? தைலத்தைக் காயவெச்சு டப்பாவுல அடைச்சிருக்கான்" என்றார். இந்த முடிவுக்கு எதிராக இதுவரை எவரும் மறுப்புக் கட்டுரை எழுதவில்லை.

இரண்டாவது சாதி ஷ்மால்ட்ஸ்லர். கறுப்பு, ஈரப்பதம், சற்றுக் கொரகொரப்பு. பவேரியாவின் தேசியப் பொடி இதுதான். இதைப் பதப்படுத்த அந்தக் காலத்தில் அவர்கள் சேர்த்தது உருக்கிய வெண்ணெய்; அதாவது நம் நெய். இப்போது அந்த இடத்துக்குக் கனிம எண்ணெய் வந்துவிட்டது. சென்னைப் பொடியிலும் வறுத்த புகையிலையோடு நெய்யும் சுண்ணாம்பும் சேரும். ஒருவரை ஒருவர் பார்த்திராத இரண்டு சமூகங்கள், மூக்குக்குப் போவதிலும் நெய் விட வேண்டும் என்ற ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. ஒப்பியல் ஆய்வாளர்கள் இதற்கு மேல் என்ன சான்று கேட்கப் போகிறார்கள்?

6. தடைப் பொடி

சென்னைக்குத் திரும்பும் வழியில் பலரும் இறங்குகிற சிங்கப்பூரில் 2016 ஆகஸ்ட் 1 முதல் மூக்குப்பொடிக்குத் தடை. விற்கவும் கூடாது, கொண்டுவரவும் கூடாது. அங்கே இறங்கி ஊர் சுற்ற எண்ணுபவர் மடியில் பொடி இல்லாமல் இறங்குவதே நலம். விலையும் கிடையாது, எந்தத் தகுதியும் செல்லாது. முதல் விதி தோற்கும் ஒரே களம் இது.

7. சுங்கக் கணிதம்

இந்தியா திரும்பும் பயணி தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடியது 100 சிகரெட், அல்லது 25 சுருட்டு, அல்லது 125 கிராம் புகையிலை. 10 கிராம் டப்பாவானால் பன்னிரண்டு வாங்கலாம். பதின்மூன்றாவதை வாங்கினால் 5 கிராம் மிகும். இந்த 5 கிராமை என்ன செய்வது? பவேரியர்கள் நடத்தும் பொடிப் போட்டிகளில் ஒவ்வொருவருக்கும் 5 கிராம் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு மூக்குக்குள் போயிற்று என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். ஆக, சுங்க வரிசையில் நிற்கும்போது ஒரே ஒரு நிமிடம் ஒதுக்கினால் கணக்கு நேராகிவிடும். பின்விளைவாக வரும் தும்மலை அதிகாரி ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டால் ஆய்வாளர் பொறுப்பல்லர்.

8. முடிவும் பரிந்துரையும்

முதல் விதி, சிங்கப்பூர் நீங்கலாக, மெய்ப்பிக்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் சும்மா கிடைக்கும் பொடிக்கு ஒரு தேர்தலில் வெல்ல வேண்டும். மியூனிக்கில் சில யூரோ போதும்.

ஆனால் ஆய்வு நேர்மை கருதி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அளவு மீறிப் பொடி போட்டவர்களின் மூக்கில் கட்டிகள் வந்ததை 1761-லேயே லண்டன் மருத்துவர் ஜான் ஹில் எழுதி எச்சரித்தார். புகையில்லாத புகையிலையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பவேரியக் காட்டுப்புறத்துக் கைவினைஞர்கள் ஊதும் வண்ணக் கண்ணாடிப் பொடிக் குப்பிகளில் ஒன்றை வாங்கி வாருங்கள், காலியாக. அதைச் சுங்கம் எடை போடாது, மூக்கும் முறையிடாது. "பொடி எங்கே மாப்ளே?" என்று மாமா கேட்டால், வந்த வழியில் தடை என்று சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர் வழியாக வந்திருந்தால் அது பொய்யும் ஆகாது.