மிட் விக்கெட்டில் மாடி வீடு

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரு முன்னாள் கேப்டன் உட்கார்ந்திருப்பார். அடையாளம் சுலபம். கூரியர் பையன் வழி கேட்டால் தெருப் பெயர் சொல்ல மாட்டார். "நேரா போ தம்பி, மிட் விக்கெட்ல ஒரு மாடி வீடு வரும். அங்க திரும்பினா லாங் ஆன்ல பச்சை கேட்டு." பையன் பேசாமல் செல்போனில் மேப்பைத் திறப்பான்.

கிழக்குக் கடற்கரைச் சாலை பெரிதானதும் இந்தப் பக்கத்துக் காலி நிலமெல்லாம் மனையாயிற்று. கேப்டனின் கிரவுண்டிலும் கல் நட்டார்கள். ஊரே சென்ட் என்ன விலை என்று விசாரித்தபோது, பிட்ச் யாருடைய மனைக்குள் வருகிறது என்று விசாரித்தவர் இவர் ஒருவர்தான். (இப்போது அங்கே செப்டிக் டேங்க்.)

திறமையால் கேப்டனானார் என்று சொன்னால் அவரே சிரிப்பார். மட்டை அவருடையது. அவர் அவுட்டானால் மட்டையும் வீட்டுக்குப் போய்விடும் என்பதால் எதிரணிக்காரன்கூடக் கேட்சை யோசித்துத்தான் பிடிப்பான். சட்டங்களும் அவர் போட்டவைதான். எல்.பி. கிடையாது. முதல் பந்து டிரையல். சவுக்குத் தோப்புக்குள் போனால் இரண்டு ரன், பந்தைத் தேடுவது அடித்தவன் பாடு. ஸ்டம்பும் அதே தோப்பில் வெட்டிய சவுக்குக் கழிதான். தோப்புக்காரர் தலை தெரிந்தால் மூன்றும் சட்டென்று கேப்டன் வீட்டு வேலிக் குச்சியாகிவிடும்.

மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று ஏறும். "காத்து வரட்டும், அப்புறம் பாரு" என்று டென்னிஸ் பந்தை உருட்டிக்கொண்டு நிற்பார். ஜெயித்தால் கேப்டன்சி, தோற்றால் காற்று.

1986 செப்டம்பர் 22 அன்று, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் டை ஆனபோது, அவர் சேப்பாக்கத்தில் இருந்தார். அவரே சொல்வதுதான். "செங்கல்பட்டுல ரயிலேறி, சேப்பாக்கம் ஸ்டேஷன்ல எறங்கி..." சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயில் வந்ததே 1995-ல். விவரம் தெரிந்த பையன் இதைச் சுட்டிக்காட்டினால் கோபமே வராது. "நான் கொஞ்சம் சீக்கிரமாவே போயிட்டேன்டா" என்பார். ஜெயிக்க 348 வேண்டும். 347-ல் மணிந்தர் சிங்குக்கு அம்பயர் விக்ரம்ராஜு எல்.பி. கொடுத்துவிட்டார். "நம்ம கிரவுண்டுல ஏதுடா எல்.பி.? இன்னும் ஒரு பால் மிச்சம் இருந்துச்சு. இங்க ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போம்." இதற்குப் பதில் சொல்ல முடிந்தவர் யாருமில்லை.

இன்றைய பையன்களுக்கு வற்றிய ஏரிதான் கிரவுண்டு. ஏரிகள் மாவட்டம் என்று செங்கல்பட்டுக்குப் பெயர். ஆகவே ஐப்பசி மழை நன்றாகப் பெய்தால் ஊருக்கெல்லாம் சந்தோஷம், இவருக்கு மட்டும் மேட்ச் ரத்து. கோடையில் டோர்னமென்ட் களைகட்டும். யூடியூபில் நேரலை, மைக்கில் கமென்ட்ரி. டாஸ் போட இவரைக் கூப்பிட்டுத் துண்டு போர்த்துவார்கள். காசைச் சுண்டிவிட்டு மைக்கைப் பிடித்தாரென்றால் முதல் ஓவர் போட அரை மணி தாமதமாகும்.

அந்தப் பக்கம் போனால் ஏரிக்கரையில் நின்று ஒரு மேட்சாவது பாருங்கள். அவரிடம் ஸ்கோர் மட்டும் கேளுங்கள். சேப்பாக்கம் என்று வாய் தவறிச் சொன்னீர்களோ, செங்கல்பட்டுக்குக் கடைசி பஸ் போய்விடும்.