தண்ணுமையாசிரியர் தேர்வு: இலங்கைத்துறை வட்டாரத்தை முன்வைத்து ஒரு முதற்கட்ட ஆய்வு

தமிழில் மாடு தெரிவதற்குச் சுழி சாத்திரம் உண்டு. மாப்பிள்ளை தெரிவதற்குப் பத்துப் பொருத்தம் உண்டு. கிணறு வெட்ட இடம் தெரிவதற்கும் கூவநூல் உண்டு. மேளம் பழக ஒரு வாத்தியாரைத் தெரிவதற்கு மட்டும் நம்மிடம் இருப்பது, "அவர் நல்லாப் பழக்குவாராம்" என்ற ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைச் சொன்னவர்களை விசாரித்தேன். எல்லோருக்கும் அதை வேறொருவர் சொல்லியிருந்தார். அந்த வேறொருவரைக் கண்டுபிடித்து விசாரித்தால், அவருடைய பிள்ளை கராத்தே வகுப்புக்குப் போகிறது. இக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லை: தெற்கே வெருகல், வடக்கே திருகோணமலைப் பட்டினம். நடுவே களப்பு கடலோடு சேரும் இலங்கைத்துறை முகத்துவாரம் எங்கள் இருப்பிடம். காலம்: தைப்பொங்கல் முதல் சித்திரை வருசப்பிறப்பு வரை. கருவிகள்: ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு குடை, ஒரு மாதிரி மாணவன். மாதிரியின் அளவு ஒன்று போதுமா என்று முறையியலாளர்கள் கேட்பார்கள். அந்த ஒன்றை ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தவர்கள் கேட்கமாட்டார்கள். அவன் என் தங்கையின் மகன், பதினொரு வயது. சாப்பாட்டு மேசை, பால்மா ரின், பள்ளிக்கூட வாங்கு, அம்மம்மாவின் முதுகு ஆகிய நான்கிலும் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவன்.

"அண்ணா, இவனை ஆரிட்டையாவது சேர்த்துவிடுங்கோ. இல்லாட்டி சித்திரைக்குள்ள மேசைக்குக் கால் மிஞ்சாது" என்றாள் தங்கை. ஆய்வுக்கான கோரிக்கை இவ்வாறு முறைப்படி முன்வைக்கப்பட்டது.

தேவைக்கு ஏற்ற ஆசிரியர் என்பது சொல்ல எளிது. யாருடைய தேவைக்கு என்று கேட்டதும் சிக்கல் தொடங்குகிறது. தாய்க்குத் தேவை சான்றிதழ்: வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையைத் தரம் தரமாக ஏறி, கடைசியில் கலாவித்தகர் என்று பெயருக்கு முன்னால் போடவேண்டும். தகப்பனுக்குத் தேவை தவில். திருவிழாக் காலத்தில் தவில்காரருக்கு ஓய்வில்லை என்பதை அவர் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார். அம்மம்மாவுக்குப் பஜனையில் மிருதங்கம் வேண்டும். பையனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "மாமா, மட்ச்சில அடிப்பாங்களே பப்பரே, அது" என்றான். நான்கு தேவைக்கு ஒரு வாத்தியார். பத்துப் பொருத்தம் பார்ப்பது இதைவிடச் சுலபம்.

முன்னோர் ஆய்வுகளைப் புரட்டினேன். பரதரின் நாட்டிய சாத்திரப்படி மேளம் பிறந்ததற்கு வாத்தியாரே காரணமில்லை. சுவாதி என்ற முனிவர் தண்ணீர் எடுக்கப் பொய்கைக்குப் போனார். மழை பிடித்தது. தாமரை இலைகளில் பெரிதும் சிறிதுமாக விழுந்த துளிகளின் ஓசையைக் கேட்டு வந்து கருவி செய்தார். மாதக் காசு இல்லை, வெற்றிலை பாக்கு வைத்துத் தட்சணை கொடுக்கவும் இல்லை. இம்முறையின் சிக்கனம் என்னைக் கவர்ந்தது. எங்கள் பக்கத்தில் மாரிமழைக்கும் தாமரைக் குளத்துக்கும் பஞ்சமா? பொங்கலுக்குப் பிந்திய மழையொன்றில் பையனைக் குளக்கட்டில் இருத்திப் பார்த்தேன். சளி பிடித்தது. இம்முறை கைவிடப்பட்டது.

இளங்கோவடிகள் பொறுப்பானவர். சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றத்துக்கு முன்னரே ஆடலாசிரியர், இசையாசிரியர், குழலாசிரியர், யாழாசிரியர் என்று ஒவ்வொருவருக்கும் தகைமை வகுத்திருக்கிறார். இன்றைய வேலைவாய்ப்பு விளம்பரங்களில்கூட அத்தனை தெளிவு இல்லை. தண்ணுமையாசிரியருக்கு அவர் கேட்கும் அறிவு ஒன்பது: ஆடல், பாடல், இசை, தமிழ், பண், தாளம், தூக்கு, குற்றம், வட்டார வழக்கு. நாலாவதாகத் தமிழ் நிற்பதைக் கவனிக்க. பட்டினத்தில் ஒரு மிருதங்க ஆசிரியரிடம் இதைப் பணிவோடு நினைவூட்டினேன். "தமிழுக்கு அடுத்த ஒழுங்கையில ரியூசன் இருக்கு சேர்" என்றார்.

ஆனால் இளங்கோவின் பட்டியலில் எனக்குப் பிடித்தது அந்த ஒன்பது அல்ல, அதற்குப் பிறகு வருவது. யாழும் குழலும் குரலும் கேட்கும்படி வாசிக்கவேண்டும். குறைகிற இடத்தில் நிரப்பவேண்டும், மிகுகிற இடத்தில் அடக்கவேண்டும். எதிலும் அளவு மீறக்கூடாது. கையில் மேளத்தைக் கொடுத்துவிட்டு, மற்றவர் சத்தம் கேட்கும்படி அடி என்கிறார் அடிகள். இதற்குப் பிறகு வந்த நூற்றாண்டுகளில் ஒலிபெருக்கிக்காரர் எவரும் இந்தப் பகுதியைப் படித்ததாகச் சான்றில்லை.

நன்னூலார் வேறு வழியில் உதவுகிறார். ஆசிரியராக ஆகாதவர்களுக்கு அவர் நான்கு உவமை தருகிறார்: கழற்காய் நிரப்பிய குடம், மட்டை கழிக்காத பனை, பஞ்சடைத்த குடுவை, வளைந்த தென்னை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் திருகோணமலைப் பக்கம் வந்திருக்க முடியாது. ஆனாலும் நான்கு பேரையும் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

பஞ்சுக் குடுவையை முதலில் சந்தித்தோம். துறைமுகப் பக்கத்து வீடு, கடற்காற்று தாராளம். மாணவர் வந்ததும் ஆசிரியர் மிருதங்கத்தை மடியில் வைத்து, ஒரு கல்லையும் மரக்கட்டையையும் எடுத்துச் சுருதி சேர்க்கத் தொடங்கினார். உப்புக்காற்றின் ஈரத்தில் தோல் தளரும். சேர்த்தார், தட்டினார், காதை வைத்தார், மறுபடி சேர்த்தார். ஒரு மணித்தியால வகுப்பில் நாற்பது நிமிடம் இப்படிப் போயிற்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பியிருக்கும் கருஞ்சாந்துதான் தோலின் மேலொலிகளை ஒன்றோடொன்று இசைய வைக்கிறது என்று சர் சி. வி. ராமன் 1920இல் எழுதினார். திருப்தி வராமல் 1934இல் மறுபடி விரிவாக எழுதினார். நோபல் பரிசுக்காரருக்கே பதினான்கு வருடம் பிடித்த விடயத்துக்கு இவர் நாற்பது நிமிடம் எடுப்பது அதிகமில்லை. மிச்ச இருபது நிமிடத்தில் த, தி, தொம், நம். அடுத்த கிழமையும் த, தி, தொம், நம். மூன்றாம் கிழமை 'நம்' சரியில்லை என்று 'த'வுக்குத் திரும்பினோம்.

கழற்குடம் பட்டினத்திலிருந்து கிழமைக்கு ஒருமுறை எங்கள் பக்கம் வருபவர். முதல் நாளே கோர்வை, இரண்டாம் நாள் மோகரா, மூன்றாம் நாள் மறுபடி 'த'. குடத்தைக் கவிழ்த்தால் எந்தக் காய் முதலில் விழும் என்று குடத்துக்கே தெரியாது. இவரிடம் ஒரு வரலாற்றுத் தகவலும் கிடைத்தது. முன்பெல்லாம் வகுப்புக்கு வராத நாளில் "பாதை வரேல்லை" என்று சொன்னால் போதுமாம். எங்கள் கரையில் பாதை என்றால் ஆற்றையும் கழியையும் கடத்திவிடும் மிதவை என்பது வெளியூர் வாசகருக்காக. 2009இல் கிண்ணியாப் பாலம், 396 மீற்றர் நீளத்தில் திறக்கப்பட்டது. பிறகு மற்றப் பாலங்களும் வந்தன. கிழக்கின் போக்குவரத்து முன்னேறியது, மேள ஆசிரியர்களின் கையிருப்பிலிருந்த ஒரேயொரு மறுக்கமுடியாத காரணம் அழிந்தது. இப்போது அவர் 'கலியாணவீடு' என்கிறார். ஆடி மாதத்திலும் கலியாணவீடு.

மற்ற இரண்டையும் விரைவாகக் கடக்கலாம். பனை, தானாக விழுகிற பழத்தை மட்டும் தரும்; கேட்டால் மட்டையால் கையைக் கிழிக்கும். தென்னை நம் வீட்டில் வேர் விட்டு, காசையும் நம்மிடம் வாங்கி, காயை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போடும்.

தவில் வித்துவான் ஒருவரையும் தகப்பனின் பொருட்டுப் பார்த்தோம். இந்த உவமைகளில் எதற்கும் அகப்படாத நேர்மையாளர். வலக்கை விரல்களில் மாட்டும் கூடுகளைக் காட்டினார். சீலையைப் பசை தடவிச் சுற்றிச் செய்தவை, காய்ந்தால் கல். பையன் ஒன்றை மாட்டித் தன் தலையிலேயே குட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தான். வித்துவான் சொன்னார்: "தம்பி, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இல போகேக்க வயசு நாப்பத்திரண்டு நிரம்பேல்லை. அதுக்குள்ள தமிழ்நாடே எழும்பி நிண்டு கேட்டது. தவில்காரர் வீட்டில பிறந்து, தவிலுக்குள்ளேயே வளர்ந்த மனுசன். உங்கட பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து, ரியூசன் முடிஞ்சு, ரீவி பார்த்து, மிச்ச நேரத்தில பழக ஏலாது." தகப்பன் கணக்கை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

இந்தக் கட்டத்தில் ஆய்வு முறையை மாற்றினேன். அதுவரை ஆசிரியர் தனியே வாசிப்பதைக் கேட்டு மதிப்பிட்டேன். அது பெரும் பிழை. தனியே வாசித்தால் எல்லோரும் வித்துவான்கள். இளங்கோவின் உரைகல் வேறு: பக்கத்தில் இன்னொருவர் பாடவேண்டும், மேளக்காரர் அதைக் கேட்கிறாரா என்று பார்க்கவேண்டும். அதுவும் நன்றாகப் பாடுகிறவர் கூடாது. ஆகவே தங்கையின் மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குத் தாளம் சீனிபோல, தண்ணீர் பட்டால் கரையும். பட்டினத்து ஆசிரியர்கள் இருவர் முன்னால் பாடவைத்தேன். ஒருவர் அவள் தடுமாறிய இடத்தில் பெரிய தீர்மானமாக ஒன்று வைத்து முடித்தார். பிழை அவளுடையது என்பது தெருக்கோடிவரை அறிவிக்கப்பட்டது. மற்றவர் வாசித்த வேகத்தில் அவள் பாடினாளா இல்லையா என்பதே இன்றுவரை தீராத ஆய்வுச் சிக்கல்.

மூன்றாவது உரைகல்லை நான் தேடிப் போகவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு வடமோடிக் கூத்துப் பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பையனை இழுத்துக்கொண்டு ஓரிரவு போனேன். வட்டக்களரி, நடுவில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார், இடுப்பில் கட்டிய மத்தளம், பக்கத்தில் சல்லாரி. அறுபது கடந்த மனிதர், பகலில் வயல். அரசன் வேடத்துக்குப் பழகிய பொடியன் வரவுத் தாளத்துக்குச் சுற்றி ஆடி வந்து, பாட்டைத் தொடங்கி, இரண்டாம் அடியில் மறந்து நின்றான். கொப்பிக்காரருக்கும் அந்தப் பக்கம் அகப்படவில்லை. நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

மத்தளம் நிற்கவில்லை. சத்தம் இறங்கியது, அவ்வளவுதான். தாளம் மட்டும் வாசலில் செருப்பைக் கழற்றிவைத்துக் காத்திருப்பதுபோல மெல்ல நடந்தது. அண்ணாவியார் பொடியனுக்கு எதிரே வந்து அவன் காலுக்குக் கால் சேர்த்து ஆடினார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று. பொடியனுக்குச் சொல் வாயில் வந்தது. வந்த அந்த நொடியில் மத்தளம் எழுந்து அவனைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பார்த்திருந்தவர்கள் அதை ஆட்டத்தின் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள். குறைகிற இடத்தில் நிரப்பல், மிகுகிற இடத்தில் அடக்கல். சிலப்பதிகாரம் படித்தீர்களா என்று பிறகு கேட்டேன். "கண்ணகை அம்மன் கதையோ? தெரியுமே" என்றார்.

பையனை அவரிடமே சேர்ப்பதில் தங்கைக்குச் சான்றிதழ்ப் பிரச்சினை இருந்தது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது மாணவர்களைப் பழக்க அழைத்தது வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரை என்பதை எடுத்துக்காட்டினேன். பல்கலைக்கழகமே போய் ஆள் தெரிந்த இடம் இது, நமக்கென்ன? "அவன் பல்கலைக்கழகம் போகவேணும் எண்டுதானே நான் சொல்றன்" என்றாள். இவ்வாதத்துக்கு மறுப்பு இன்னும் எழுதப்படவில்லை.

பையனின் பப்பரே தேவை நிறைவேறவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். அண்ணாவியார் அவனிடம் அதை அடித்துக் காட்டச் சொன்னார். அடித்தான். மத்தளத்தில் அதையே திருப்பி அடித்தார், ஆனால் பாதிச் சத்தத்தில். பையன் வாயை மூடிக்கொண்டு கேட்டான். பதினொரு வருடத்தில் நான் கண்ட முதலாவது மௌனம் அது.

வகுப்பு செவ்வாயும் வெள்ளியும், பின்னேரம் நாலரைக்கு. மத்தளம் சொல்லி வைத்திருக்கிறோம், இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை பயிற்சி சாப்பாட்டு மேசையிலேயே நடைபெறும். அயலவர்கள் பொறுத்தருள வேண்டும்.