இங்கே மனசு மட்டும் பழுதுபார்க்கப்படும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதாவதொரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய்ப் பாருங்கள். குளிரூட்டிய அறையில் விளக்கை மங்கலாக்கிவிட்டு முப்பது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். காதோரம் மைக் மாட்டிய ஒருவர், கவலை வந்தால் அதோடு சண்டை போடாதீர்கள், சும்மா கவனியுங்கள் என்று குழைவாகச் சொல்லிக்கொண்டிருப்பார். கவலையோ முப்பது சட்டைப்பைகளிலும் செல்போனாக அதிர்ந்துகொண்டிருக்கும். திங்கட்கிழமை டெலிவரி. இதற்கு மீள்திறன் பயிற்சி என்று பெயர். வருகைப்பதிவு உண்டு, வராதவர் பெயர் மேலாளருக்கு மெயிலில் போகும். இங்கே உட்கார்ந்த ஒரு மணி நேரத்தை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே புரிந்துகொள்வதும் மீள்திறனில் சேர்த்திதான்.

நம் காலத்து முதலாளிமார்கள் செய்த மகத்தான கண்டுபிடிப்பு இது. வேலையில் ஒரு கோளாறும் இல்லை. நாலு பேர் பார்த்ததை இரண்டு பேர் பார்ப்பதில் கோளாறு இல்லை. ராத்திரி பதினொன்றரைக்கு க்ளையன்ட் கூப்பிடுவதில் கோளாறு இல்லை. இத்தனை பேருக்கு மோசமான ரேட்டிங் கொடுத்தே தீர வேண்டும் என்று வருஷா வருஷம் மேலிடத்திலிருந்து கணக்கு வருவதிலும் கோளாறு இல்லை. கோளாறெல்லாம் நீங்கள் மூச்சு விடுகிற விதத்தில்தான் இருக்கிறது. செருப்பு கடிக்கிறதா, காலைச் செதுக்கிக்கொள் என்கிற வைத்தியம். அதற்குச் சான்றிதழும் தருகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்துக்கு இந்த ஞானம் இன்னும் வரவில்லை. 2019இல் அது 'பர்ன் அவுட்' என்பதை ஒரு நோயாகக் கொள்ளாமல், வேலையிடத்தில் உண்டாகும் நிகழ்வு என்று வகைப்படுத்தியது. ஓயாத வேலை அழுத்தத்தைச் சரிவரக் கையாளாமல் விட்டதன் விளைவு என்று விளக்கமும் எழுதியது. கையாள வேண்டியவர் யார் என்பதை எழுதவில்லை. அந்த ஓட்டை போதுமே! நம் மனிதவளத் துறைகள் அதற்குள் யோகா பாயோடு நுழைந்து, "நீதான் அப்பா" என்று ஊழியரைக் காட்டிவிட்டன.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஃபிளெமிங் என்கிற ஆய்வாளர் 2024இல் ஒரு காரியம் செய்தார். பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களுடைய தரவுகளை எடுத்து, இந்தத் தியானச் செயலிகள், மன அழுத்த வகுப்புகள், மீள்திறன் பயிற்சிகளில் கலந்துகொண்டவர்களையும் கலந்துகொள்ளாதவர்களையும் ஒப்பிட்டார். கலந்துகொண்டவர்கள் ஒரு வகையிலும் மேலாக இல்லை. விதிவிலக்கு, தொண்டு வேலைக்கு வாய்ப்புத் தருவது ஒன்றுதான். அதாவது, ஆபீஸை விட்டு வெளியே போய் இன்னொருவருக்கு உதவினால் கொஞ்சம் நன்றாக இருக்கிறதாம். ஆனாலும் பயிற்சி நிற்காது. கூடுதலாக ஓர் ஆளை எடுத்தால் மாதா மாதம் சம்பளம், பி.எஃப்., காப்பீடு, தீபாவளி போனஸ். பயிற்சியாளருக்கோ ஒரு நாள் கூலியும் ஒரு பூச்செண்டும் போதும்.

இந்த வியாபாரத்தின் சிகரத்தை 2024 டிசம்பரில் நொய்டாவில் தொட்டார்கள். வீட்டுக்கு வந்து அழகுபடுத்தும் 'யெஸ் மேடம்' என்கிற நிறுவனத்தின் மின்னஞ்சல் ஒன்று ஊரெல்லாம் சுற்றியது. ஊழியர்களிடம் மன அழுத்தம் பற்றிக் கருத்துக் கேட்டார்களாம். அழுத்தம் அதிகம் என்று சொன்னவர்களை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்களாம். நாடே கொதித்தது. மறுநாள் நிறுவனம் சிரித்துக்கொண்டே வந்தது: யாரையும் அனுப்பவில்லை, விழிப்புணர்வுக்காகச் செய்த விளம்பரம், இனி அழுத்தம் தணிக்கத் தனி விடுப்பு உண்டு! எனக்கு உறைத்தது அந்த விளையாட்டுப் புத்தி அல்ல. அந்த மின்னஞ்சலைப் படித்த லட்சக்கணக்கான பேரில் "இப்படியெல்லாம் ஒரு கம்பெனி செய்யுமா" என்று சந்தேகப்பட்டவர்கள் சொற்பம். செய்யும் என்று மற்றவர்களெல்லாம் உடனே நம்பினார்கள். நம்புகிற அளவுக்கு அவரவர் ஆபீஸ் அவரவரைப் பழக்கி வைத்திருக்கிறது.

சிரிப்பு இத்தோடு போதும்.

2024 ஜூலையில் புனேயில் 26 வயதுக் கணக்காளர் ஒருவர் இறந்துபோனார். உலகின் நான்கு பெரிய தணிக்கை நிறுவனங்களில் ஒன்றில் சேர்ந்து நாலே மாதம். நள்ளிரவுவரை வேலை, வார இறுதியிலும் வேலை, மகளின் இறுதிச் சடங்குக்கு நிறுவனத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்று அவருடைய தாய் அந்த நிறுவனத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அது செப்டம்பரில் வெளியே வந்தது. விசாரிக்கப் போன மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை அதிகாரி, அந்தப் புனே அலுவலகம் 2007 முதல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவே இல்லாமல் இயங்கியிருக்கிறது என்றார். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை வாங்கலாம் என்று சொல்கிற சட்டம் அது. ஊரார் வரவுசெலவில் ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடிக்கிறவர்களுக்குத் தங்கள் வாசலில் ஒரு சட்டம் பதினேழு வருஷம் விடுபட்டுப்போனது கண்ணில் படவில்லை.

கடிதம் வெளியான சில நாளிலேயே சென்னையில் ஒரு தனியார் கல்லூரி விழாவில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேசினார். பெயர் சொல்லாமல் அந்த மரணத்தைக் குறிப்பிட்டு, எந்த வேலைக்குப் போனாலும் அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமை வேண்டும், அது தெய்வ பக்தியால் வரும், வீட்டில் பெற்றோர் அதைக் கற்றுத்தர வேண்டும் என்கிற பொருளில் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியதும், பாதிக்கப்பட்டவரைக் குறைசொல்லும் நோக்கமே இல்லை என்று விளக்கமும் தந்தார். சரி, இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தாய் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வேலை நேரத்தைப் பற்றிக் கடிதம் எழுதுகிறாள். நாட்டின் கருவூலச் சாவியை வைத்திருப்பவர் பதிலுக்குப் பிரார்த்தனையைப் பற்றிப் பேசுகிறார். தெய்வம் அந்த அலுவலகத்தில் ராத்திரி எத்தனை மணிவரை இருந்தது என்று நாமும் பணிவோடு கேட்கலாம் அல்லவா?

தெய்வத்துக்கு அடுத்தபடி உபதேசிக்கப் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் தொழிலதிபர் நாராயண மூர்த்தி, 2023இல். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து எத்தனை நேரம்தான் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டார். மனைவிமார்களுக்கு இந்த முகத்தைப் பார்ப்பதில் என்ன கருத்து என்று அவர் விசாரித்ததாகத் தெரியவில்லை. 2023-24 நிதியாண்டில் அவர் பெற்றது 51 கோடி ரூபாய். அவர் நிறுவனத்து நடுத்தட்டு ஊழியர் வாங்குவதைப்போல் ஏறத்தாழ 534 மடங்கு. சம்பளத்துக்குத் தக்க உழைப்பு என்றால் அவர் வாரத்துக்கு இருபத்தைந்தாயிரம் மணி நேரமாவது உழைக்க வேண்டும். பாவம், கடவுள் வாரத்துக்கு 168 மணிதான் கொடுத்தான்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டன. நீண்ட வேலை நேரத்தின் காரணமாக, பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016 என்கிற ஒரே ஆண்டில் இறந்தவர்கள் 7,45,000 பேர். நீண்ட நேரம் என்று அவர்கள் கோடு கிழித்தது வாரத்துக்கு 55 மணியில். எழுபதும் தொண்ணூறும் அந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரத்தில்.

கண்ணாடிக் கட்டடத்தார் அழுவதற்காவது ஆங்கிலம் தெரிந்தவர்கள். அழ நேரமில்லாதவர்களைப் பார்க்கத் தி.நகருக்கு வர வேண்டும். ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலை ஜவுளிக்கடைகளில் காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்கிற பெண்களை நமக்குத் தெரியும். எப்படித் தெரியும்? ஐம்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, "டிசைன் ஒன்றும் சரியில்லையே" என்று எழுந்து போயிருக்கிறோம். நாம் எழுந்து போனோம், ஏனென்றால் நமக்கு நாற்காலி இருந்தது. தென்மாவட்டங்களிலிருந்து வந்து கடை விடுதியில் தங்கி இப்படி நிற்கும் பிள்ளைகளின் கதையை 2010இல் 'அங்காடித் தெரு' படம் திரையில் காட்டியது. ஊரே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே தெருவில் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனது.

அந்தக் கால்களில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்துக்கொள்கிறது. கழிவறைக்குப் போனால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார் என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். அடுத்து நீர்க்கடுப்பு, சிறுநீரகத் தொற்று. மாதத்தில் அந்த மூன்று நாள் எப்படி நிற்பார்கள் என்பதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் சுவரில் சாய்ந்தால்கூட மேலேயிருக்கும் கேமரா பார்த்துவிடும். மனநலப் பயிற்சியின் முதல் கட்டளை என்ன? "நிமிர்ந்து உட்காருங்கள்." இவர்கள் அந்த முதல் கட்டளைக்கே தகுதி பெறாதவர்கள்.

நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கிடைத்த இடைவேளையில் உட்கார வசதி வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1948லேயே 44ஆவது பிரிவில் எழுதிவைத்தது. கடைக்கு அது பொருந்தவில்லை. கேரளத்தில் கடைப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடி 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் விழித்தது. ஆலைக்கு ஒரு ஸ்டூல் வந்து, அது கடைக்கு நகர 73 ஆண்டுகள்! இப்போது சட்டப்படி ஸ்டூல் இருக்கிறது. பல கடைகளில் ஆய்வாளர் கண்ணுக்குப் படுகிற இடத்தில் இருக்கிறது. அதன்மேல் பிரித்த புடவைகள் உட்கார்ந்திருக்கின்றன.

உடம்பைப் பூட்டிவிட்டு மனசுக்கு ஜன்னல் திறக்கிற கலையில் அமேசானை மிஞ்ச ஆள் இல்லை. 2021இல் அமெரிக்கக் கிடங்குகளில் டெலிபோன் பூத் அளவுக்கு ஒரு பெட்டி வைப்பதாக அறிவித்தது. தொழிலாளி அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மன அமைதிக்கான வீடியோ பார்க்கலாம். ஊர் சிரித்ததும் அந்தப் பதிவை நீக்கிவிட்டது. மூன்று வருஷம் கழித்து, வெயில் கொளுத்திய கோடையில், ஹரியானாவின் மானேசர் கிடங்கில் தொழிலாளர்களை ஒரு உறுதிமொழி எடுக்க வைத்தார்கள்: ஆறு லாரிச் சரக்கை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிவறைக்குப் போகவோ மாட்டோம். தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து கேள்வி கேட்டது. எங்கோ ஒருவர் செய்த தவறு என்றது நிறுவனம். எங்கே அந்தப் பெட்டி? ஹரியானாவுக்கு அனுப்பியிருந்தால் அதில் ஒரு குடம் தண்ணீராவது வைத்திருக்கலாம்.

நம் தமிழ்நாட்டு அரசு மட்டும் இளைத்ததா? தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் 1923இல் சென்னையில் மே தினக் கொடியேற்றினார். அந்த நூற்றாண்டு நிறைவதற்குப் பத்து நாள் முன்னால், 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும், நாலு நாள் உழைத்தால் மூன்று நாள் ஓய்வு என்று விளக்கினார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒப்பந்தத் தொழிலாளியின் 'விருப்பம்' எங்கே அச்சாகிறது என்று தெரிந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றாம் நாள் நிறுத்திவைத்து, மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெற்றார். கொடுத்த பரிசைப் பிடுங்கிக்கொண்டதற்கு நன்றி சொன்ன ஒரே மே தினம் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்த வருஷம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, கூடுதல் ஏசி பஸ், கேன்டீனில் நல்ல சாப்பாடு என்று நடுவில் ஒரு பட்டியலை அமைச்சர்கள் அறிவித்தார்கள். தொழிலாளர்கள் முதலில் கேட்ட சங்க அங்கீகாரம் மட்டும் அதில் இல்லை. சுகம் வேண்டுமா, தருகிறோம். வாய் மட்டும் கேட்காதே. நல்வாழ்வுத் திட்டம் என்பதன் முழு இலக்கணமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அவர்கள் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பந்தலுக்குத் திரும்பினார்கள். போலீஸ் பந்தலைப் பிரித்தது, வெட்டவெளியில் உட்கார்ந்தார்கள். இந்த மீள்திறனுக்கு எந்த நிறுவனமும் சான்றிதழ் தருவதில்லை, இடைநீக்க உத்தரவு தருகிறது.

ஆகவே பயிற்சியாளர்களுக்கு ஒரு புது வாடிக்கையாளரைக் காட்டித் தருகிறேன். மீள்திறன் உண்மையில் தேவைப்படுகிறவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்கள். ஒரு காலாண்டு லாபம் அரை சதவீதம் குறைந்தால் தாங்க முடியாமல் ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிற மெல்லிய மனசு அவர்களுக்கு. மூச்சை மெல்ல இழுக்கச் சொல்லுங்கள். ராத்திரி எட்டு மணிக்குமேல் ஊழியர் போனை எடுக்கவில்லை என்கிற துயரத்தை, சண்டை போடாமல், சும்மா கவனிக்கச் சொல்லுங்கள். காலியான இடத்தில் ஆள் எடுப்பது இயற்கையே என்று மூன்று முறை மனசுக்குள் சொல்லச் சொல்லுங்கள். செய்முறைப் பயிற்சி உஸ்மான் சாலையில், ஆடித் தள்ளுபடி நேரத்தில், பட்டுப் பிரிவில். காலை ஒன்பதரைக்கு ஆஜராக வேண்டும். ஸ்டூல் உண்டு, கேமராவும் உண்டு. தண்ணீர் கேட்டால் ஃப்ளோர் மேனேஜரிடம் அனுமதி வாங்க வேண்டும். பாதியில் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறவர்களின் கோப்பில் 'மனவலிமை போதாது' என்று எழுதி, அரைநாள் சம்பளம் பிடிக்கப்படும்.