பச்சேந்திரியின் புகைப்படமும் லக்பாவின் படமும்

1984 மே 23, பகல் 1 மணி 7 நிமிடத்துக்குப் பச்சேந்திரி பால் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி ஒரு கறுப்பு வெள்ளைப் படமாக வந்து சேர்ந்தது. ஆள் முகமே தெரியாத அளவுக்குக் கனத்த உடை, பெரிய கண்ணாடி. கீழே சில வரிகள்: எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண், உத்தரகாசிப் பக்கம் நாகுரி என்ற ஊர். அப்பா உரக்கப் படித்தார். "அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சாமா?" என்று கேட்டார் அப்பத்தா. அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை என்றார் அப்பா. பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. அந்தக் குளிரில் ஒதுங்குவதற்கு எங்கே போவார்? வீட்டுக்கு விலக்கான நாளில் என்ன செய்வார்? செலவுக்கு யார் காசு கொடுத்தது? அவருடைய அம்மா எப்படி விட்டார்? இதையெல்லாம் கேட்க எனக்கு ஆளில்லை. நாளிதழுக்கு இவை செய்தியாகத் தோன்றவும் இல்லை.

அந்த நாளில் எங்கள் மொட்டைமாடியில் ஏறினால் சிறுமலை தெரியும். இருட்டோடு ஏறி, வெயில் உறைப்பதற்குள் விறகுக்கட்டோடு பெண்கள் இறங்கிவருவார்கள். தலையில் சும்மாடு, காலில் தேய்ந்த டயர் செருப்பு. எந்தப் பாறை வழுக்கும், எந்தச் சுனையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்த வளைவில் காட்டெருமை வரும் என்று அவர்களுக்கு மனப்பாடம். பள்ளியிலிருந்து சிறுமலைக்குப் போய்வர நாங்கள் அனுமதி கேட்டபோது, "பொம்பளைப் பிள்ளைங்களுக்கு மலையெல்லாம் சரிப்படாது" என்று எங்கள் தெருப் பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். மலையேறி வந்த அந்தப் பெண்களிடம் வாசலில் நின்று பேரம் பேசி விறகு வாங்கியவர்களும் அவர்களேதான். யாருக்கும் அது முரணாகப் படவில்லை. எனக்கு அன்றே பட்டது; இன்றும் ஆறவில்லை.

கல்லூரி நூலகத்தில் பச்சேந்திரி எழுதிய புத்தகம் கையில் கிடைத்தபோதுதான் அந்தப் புகைப்படத்துக்கு உயிர் வந்தது. மே 15 இரவு லோட்சே சரிவில் மூன்றாம் முகாமில் படுத்திருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டிப் பெரும் பனிப்பாறை உடைந்து கூடாரங்களின் மேல் விழுகிறது. அவருக்குத் தலையின் பின்பக்கம் அடி. உடனிருந்த லோப்சாங் கத்தியால் கூடாரத்தைக் கிழித்து அவரை வெளியே எடுக்கிறார். காயம்பட்ட பலர் கீழே இறங்க, இவர் மேலே போகிறேன் என்கிறார். பிறகு தெற்குக் கணவாயை அடைந்ததும், பின்னால் மெதுவாக ஏறிவந்த தோழர்களுக்காக ஒரு குடுவையில் பழச்சாறும் இன்னொன்றில் சூடான தேநீரும் நிரப்பிக்கொண்டு, ஏறிய வழியிலேயே மறுபடி இறங்குகிறார். உச்சி இன்னும் பாக்கி இருக்கிறது. மூச்சு விடுவதே வேலையாக இருக்கும் உயரம். அவர் யார் என்று எனக்குக் காட்டியது அந்தத் தேநீர்க் குடுவைதான்.

அவருக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1975 மே 16 அன்று, ஜப்பானின் ஜுன்கோ தாபே உச்சி தொட்டிருந்தார். உலகிலேயே முதல் பெண். பிள்ளையை வளர்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்ற பேச்சை அவரும் கேட்டவர். பணம் போதாமல் கார் இருக்கை உறைகளைக் கொண்டு கையுறை தைத்துக்கொண்ட குழு அது. பனிச்சரிவில் புதைந்து நினைவு தப்பி, இழுத்தெடுக்கப்பட்டுப் பன்னிரண்டு நாளில் உச்சி ஏறினார். இவ்வளவு இருந்தும் எங்கள் பொது அறிவுப் புத்தகத்தில் அவர் பெயரும் ஒரு ஆண்டும் மட்டும் இருந்தன. ஒரு மதிப்பெண் கேள்வி.

இப்போது நான் வேலை பார்க்கும் பள்ளியில் சில சனிக்கிழமைகளில் புரொஜெக்டர் வைத்துப் படம் போடுகிறோம். அப்படித்தான் லக்பா ஷெர்பாவைப் பற்றி லூசி வாக்கர் இயக்கிய 'மவுண்டன் குயின்' ஆவணப்படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். லக்பாவுக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்ந்து, மலையேற வந்தவர்களுக்குச் சுமை தூக்கியவர். 2000இல் எவரெஸ்ட் ஏறி உயிரோடு இறங்கிய முதல் நேபாளப் பெண் ஆனார். பிறகு அமெரிக்காவில் கணவரிடம் அடிபட்டு, பெண் பிள்ளைகளோடு வெளியேறி, கனெக்டிகட்டில் ஓர் அங்காடியில் பாத்திரம் கழுவினார். அந்த வேலைக்கு நடுவில்தான் 2022 மே மாதம் பத்தாவது முறையாக உச்சிக்குப் போனார். வேறெந்தப் பெண்ணும் அத்தனை முறை ஏறியதில்லை.

படம் அந்தப் பாத்திரத் தொட்டியை விட்டு அவரைப் பிரிப்பதில்லை. இதற்காகவே எனக்கு அந்தப் படம் பிடித்தது. சுமை, சம்பளம், அடி, பிள்ளைகளின் கோபம் எல்லாம் மலையோடு சேர்ந்தே வருகின்றன. சிறுமலையில் விறகு சுமந்தவர்களை நான் முதன்முதலாகத் திரையில் பார்த்தது அங்கேதான். முகம் வேறு, மொழி வேறு, ஏறும் நடை அதே நடை.

விளக்கு போட்டதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "மிஸ், அங்க பாத்ரூம் எங்க போவாங்க?" பக்கத்தில் இருந்தவள் குரலைத் தாழ்த்தி, "பீரியட்ஸ் வந்தா என்ன பண்ணுவாங்க மிஸ்?" என்றாள். நாற்பது ஆண்டுக்கு முன் எனக்குள் வைத்திருந்த அதே கேள்விகள். அன்று நான் வாய் திறக்கவில்லை. இவர்கள் வகுப்பு நடுவில் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த வரை பதில் சொன்னேன். வயிற்றில் இரண்டு மாதக் கருவோடு லக்பா எவரெஸ்டில் ஏறியதையும் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் நேரத்துக்கு வீட்டுக்குப் போகவில்லை.

பெண்களின் சாகசத்தைக் கொண்டாடுவதாகச் சொல்லிக்கொண்டு இன்று நிறையப் படங்கள் வருகின்றன. எல்லாம் இப்படி இல்லை. வானத்திலிருந்து ட்ரோன் காட்டும் மலைமுகடு, பின்னணியில் பொங்கும் இசை, கடைசியில் கொடியோடு ஒரு சிரிப்பு. 1984இன் அந்தப் புகைப்படத்தை ஒன்றரை மணி நேரத்துக்கு நீட்டியது மாதிரிதான் இருக்கிறது. ஏறியவள் எந்த வீட்டிலிருந்து வந்தாள், யார் தடுத்தார்கள், யார் பணம் கட்டினார்கள் என்று சொல்லாத படத்தை நான் பிள்ளைகளுக்குப் போடுவதில்லை.

ராகுல் போஸ் இயக்கிய 'பூர்ணா' படத்தை (2017) அதனால்தான் தயங்காமல் போட்டேன். தெலங்கானாவின் சமூகநலத் தங்கும் பள்ளியில் படித்த மாலாவத் பூர்ணா 2014 மே 25 அன்று, பதின்மூன்று வயதில், எவரெஸ்ட் உச்சிக்குப் போனவள். நேபாளப் பக்கத்தில் வயது வரம்பு இருந்ததால் திபெத் வழியாக ஏறினாள். அந்தப் படத்தில் மலைக்குச் சமமாகக் குழந்தைக் கல்யாணமும் பள்ளிக் கட்டணமும் இடம்பிடிக்கின்றன. 1993இல் உச்சி தொட்டு, இறங்கும் வழியில் இறந்த பாசாங் லாமு ஷெர்பாவைப் பற்றியும் ஓர் ஆவணப்படம் வந்துவிட்டது. தன் நாட்டு மலையில் ஏறுவதற்குப் பணத்துக்கும் அனுமதிக்கும் அலைந்த பெண் அவர். அவருடைய சிலை இப்போது காத்மாண்டுவில் நிற்கிறது.

தமிழில்தான் இப்படி ஒரு படம் இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி, இரண்டு பிள்ளைகளின் தாய், 2023 மே 23 அன்று எவரெஸ்ட் ஏறினார். பச்சேந்திரி ஏறிய அதே தேதி. தொலைக்காட்சிப் பேட்டிகளும் பாராட்டு விழாக்களும் கிடைத்தன. ஒரு முழுப் படம் அவரைத் தேடி வரவேண்டும்.

கடலிலும் ஒருவர் இருக்கிறார். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' பாய்மரப் படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதக் கடைசியில் திரும்பினார்கள். ஐம்பத்தாறு அடிப் படகு. அதில் அவர்கள் இருவர் மட்டும். ஹார்ன் முனையைச் சுற்றி, காற்றை நம்பியே 25,000 கடல் மைலுக்கு மேல். இதே படகில் 2017–18இல் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றிவந்தபோது அதை ஆவணப்படமாக எடுத்தார்கள். இந்த இருவரின் பயணத்தைத் தமிழில் ஒருவர் எடுக்க வேண்டும். அந்தப் படம் ஹார்ன் முனையின் அலையில் தொடங்கக் கூடாது, புதுச்சேரியில் ரூபா வளர்ந்த வீட்டில் தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.

ரூபாவிடம் என்னவெல்லாம் கேட்கலாம் என்று பிள்ளைகளை எழுதித் தரச் சொன்னேன். எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். யார் படம் எடுக்க முன்வந்தாலும் ஒரு கேள்வியையும் நீக்காமல் அந்தத் தாள்களை அனுப்பிவைப்பேன்.