உருளும் குண்டும் உருளைக்கிழங்கு மார்ஷலும்

மதுரை பசுமலை உச்சியில் இன்று நட்சத்திர ஓட்டலாக நிற்கும் பங்களாவில் ஒரு காலத்தில் மில் துரைமார்கள் குடியிருந்தார்கள். ஆண்ட்ரூ, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்து சகோதரர்கள் வைத்த மில். நம் பாட்டன்மாரைச் சங்கு ஊதி எழுப்பி நூல் நூற்க வைத்தவர்கள், தங்கள் ஊர் விளையாட்டு ஒன்றை மட்டும் நம் கண்ணில் காட்டாமலே கப்பலேறிவிட்டார்கள். அதற்குப் பெயர் பவுல்ஸ்.

துரைமார் ஆடும் கோலிக்குண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஜாக்’ என்ற குட்டிப் பந்தை முதலில் உருட்டிவிட்டு, சுமார் ஒன்றரைக் கிலோ வரை கனக்கும் குண்டுகளை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். வேடிக்கை என்னவென்றால், குண்டைச் செய்யும்போதே கோணலாகச் செய்துவிடுகிறார்கள். நேராக விட்டால் நேராகப் போகாது. வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்த ஒதுங்கலைக் கணக்குப் போட்டு, எங்கோ பார்த்து விட்டு, இங்கே வந்து நிற்கச் செய்பவனே கெட்டிக்காரன்.

இந்த அப்பாவி ஆட்டத்தைப் பார்த்து இங்கிலாந்து ராஜா ஒருவரே பயந்திருக்கிறார். மனைவிமார்களை மாற்றிய நேரம் போக மிச்ச நேரத்தில், எட்டாம் ஹென்றி 1541-ல் ஒரு சட்டம் போட்டார். கூலியாட்கள், வேலைக்காரர்கள், தொழில் பழகும் பையன்கள் எவனும் குண்டு உருட்டக் கூடாது. கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும் உருட்டலாம், அதுவும் முதலாளி வீட்டில், முதலாளி கண்ணெதிரில். ஆண்டுக்கு நூறு பவுண்டு வரும்படி தரும் நிலம் இருப்பவருக்குச் சொந்தத் தோட்டத்தில் ஆட அனுமதி உண்டு. ஜனங்கள் வில்வித்தையை மறந்துவிடுவார்கள் என்பது ராஜாவின் கவலை. வில் போய்த் துப்பாக்கி வந்து, ரயிலும் ஓட ஆரம்பித்த பிறகு 1845-ல்தான் அந்தத் தடையை நீக்கினார்கள். சர்க்கார் ஃபைல் எந்த ஊரிலும் இப்படித்தான் நகரும்போல.

இந்த ஆட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். விதிமுறையை எழுதிவைத்தவரே கிளாஸ்கோவின் மிட்சல் என்ற வக்கீல்தான். ஆனால் அந்த ஊரில் வெயில் என்பது விருந்தாளி மாதிரி தலைகாட்டிவிட்டுப் போய்விடும். மதுரை சித்திரை வெயிலில் பாதியைப் பார்சல் கட்டி அனுப்பியிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. 1888-ல் மக்ரே என்பவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு கட்டடத்தின் கான்கிரீட் தரையில் மரத்தூளைக் கொட்டி உள்ளேயே குண்டை உருட்டினார். உள்ளரங்க பவுல்ஸ் பிறந்த கதை இவ்வளவுதான். உலகப் போட்டி வர 1979 ஆனது. 1989, 1991, 1993 என மூன்று முறை பட்டம் வாங்கிய ரிச்சர்ட் கோர்ஸி, எடின்பரோவில் தபால்காரராக இருந்தவர். ஹென்றி இருந்திருந்தால் தபால் பையோடு உள்ளே தள்ளியிருப்பார்.

பிறகு வந்தார் அதே எடின்பரோவின் அலெக்ஸ் மார்ஷல். 1967-ல் பிறந்தவர். பட்டப்பெயர் ‘டாட்டி’. ஸ்காட்லாந்தில் உருளைக்கிழங்கை அப்படித்தான் சொல்வார்கள். ஒலிம்பிக் வீரர்களுக்குச் சிறுத்தை, புயல், மின்னல் என்றெல்லாம் பெயர் வைக்கும் உலகத்தில் இவர் கிழங்காகவே இருந்து ஆறு முறை உலக உள்ளரங்கப் பட்டத்தை வென்றார்: 1995, 1999, 2003, 2007, 2008, 2012. ஓட்டம் இல்லை, குதி இல்லை. குனிந்து, கையைத் தாழ்த்தி, கம்பளத்தில் சத்தமில்லாமல் குண்டை விடுவார். அது எதிராளியின் குண்டுகளைச் சுற்றிக்கொண்டு போய் ஜாக்கோடு ஒட்டி நிற்கும். எதிராளி நின்று பார்ப்பதோடு சரி. 2014-ல் சொந்த நாட்டில் நடந்த கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் ஒரே மூச்சில் இரண்டு தங்கம். 2018 கோல்ட் கோஸ்ட்டில் ஐந்தாவது தங்கம். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நமக்கு அந்த வயதில் கீழே விழுந்த சாவியை எடுக்கவே ஆள் தேவைப்படுகிறது.

இந்தியாவில் இந்த ஆட்டத்தைச் சீந்துவார் இல்லை. ஆனாலும் 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் நான்கு பெண்கள் வந்து நின்றார்கள். அப்போது லவ்லி சௌபே ஜார்க்கண்ட் போலீஸ். பிங்கி பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியை. நயன்மோனி சைக்கியா அசாம் வனத்துறை. ரூபா ராணி திர்க்கி ஜார்க்கண்ட்காரர், அணித் தலைவி. அரையிறுதியில் நியூசிலாந்தை 16-13 என்று வீட்டுக்கு அனுப்பி, இறுதியில் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று மடக்கி, பவுல்ஸில் இந்தியாவின் முதல் காமன்வெல்த் பதக்கத்தையே தங்கமாக வாங்கினார்கள்.

ஹென்றி சட்டப்படி, மாதச் சம்பளம் வாங்கும் இந்த நால்வரும் கிறிஸ்துமஸுக்குத்தான் ஆடியிருக்க வேண்டும். ஆடி ஜெயித்தது ஆகஸ்ட் 2.