இந்த வருஷமும் வள்ளி திருமணம்தான்

சென்னையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் சபா வருஷாவருஷம் கோடை நாடக விழா நடத்துகிறது. நாளுக்கொரு நாடகம். புதுக் கதை, புது வசனம். மேடையில் கிடக்கிற சோபா மட்டும் பழசு. லண்டனில் அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்ட்ராப்’ 1952-ல் ஆரம்பித்து, கொரோனா காலத்தில் அடைத்துப் போட்டது போக, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கொலைகாரன் யாரென்று வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள் என்று ஒவ்வொரு காட்சி முடிவிலும் ரசிகர்களைக் கேட்டுக்கொள்வார்களாம்.

எங்கள் புளியங்குடிப் பக்கம் அந்தக் கவலையே கிடையாது. கடைசியில் முருகன் வள்ளியைக் கட்டிக்கொள்வார் என்பது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் பாய், தலையணை, பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்து இடம் பிடிப்பார்கள். போன வருஷம் பார்த்தது, முந்தின வருஷம் பார்த்தது, மாமியார் ஊரில் பார்த்தது எல்லாம் வள்ளி திருமணம்தான். வருகிற கோயில் கொடைத் திருவிழாவுக்கும் அதுதான்.

பங்குனி பிறந்தால் ஆவணி வரைக்கும் நாடக சீசன். குற்றாலத்தில் சாரல் விழுவதற்கு முன்பே எங்களுக்கு சீசன் களைகட்டிவிடும். கோயில் கொடையில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் சாமிக்கு, நாடகம் ஆசாமிக்கு. அதனால் வில்லுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதில் சண்டை வராது. நாடகத்துக்குத்தான் கமிட்டி கூடும்.

வள்ளி திருமணத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று நாடக நடிகர் டி.கே. சண்முகம் எழுதியிருக்கிறார். சுவாமிகள் தூத்துக்குடிப் பக்கத்து மனுஷர். அவரால் ஒரு ராத்திரியில் ஒரு நாடகத்தையே எழுத முடிந்தது. இருக்கிற நாடகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எங்கள் தெருக் கமிட்டிக்கு ஒரு ராத்திரி பற்றாது.

“அரிச்சந்திரா போடுவோம். இளவட்டங்களுக்கு நல்ல புத்தி வரும்” என்று ஆரம்பித்தார் ரிட்டயர்டு வாத்தியார்.

“அம்மனுக்குக் கொடை குடுத்திட்டு, விடியக்காலம் சுடுகாட்டுலயா கொண்டு முடிக்கது?” என்று ஒரு பெரியவர் துண்டை உதறினார். அரிச்சந்திரா அவுட்.

அடுத்து நல்லதங்காள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. கூப்பிடு தூரத்துக் கதை. பொருளாளர் அண்ணாச்சி விரலை மடக்கி எண்ணினார். “ஏழு பிள்ளைய வேற கூட்டியாரணும். கிணத்துல போடதுக்கு முன்னால ராத்திரிச் சாப்பாடு யாரு போடுவா?” நல்லதங்காளும் போனாள்.

பவளக்கொடி என்று யாரோ வாயெடுத்தார்கள். மகளிர் குழு சார்பில் வந்திருந்த மதினி விடவில்லை. “அர்ச்சுனன் போற ஊர்லல்லாம் ஒரு கல்யாணம் முடிப்பான். அதை நாங்க வரி குடுத்து வேற பாக்கணுமாக்கும்?”

“அப்போ வள்ளி திருமணம்” என்றார் தலைவர், முதலிலேயே முடிவு செய்து வைத்திருந்தவர் மாதிரி.

மூலையிலிருந்து ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்: “முருகனுக்கும் அது ரெண்டாங் கல்யாணந்தானே மதினி?”

கூட்டம் கப்சிப். மதினி யோசித்துச் சொன்னாள்: “அது சாமி. அது வேற.” தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

நாடகம் முடிவானதும் பணம். புளியங்குடியில் எந்தக் கணக்கும் கடைசியில் எலுமிச்சை மார்க்கெட்டில் போய்த்தான் நிற்கும். வெயில் ஏறி, பழம் விலையும் ஏறினால், “ராஜபார்ட்டை நல்லவரா போடுங்க” என்பார்கள். விலை இறங்கினால், “முருகன் யாரா இருந்தா என்ன, வேலு இருக்குல்லா?” என்பார்கள். 2025-ல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் தெருவில் எழுந்த முதல் கேள்வி, இனிமேல் பபூனுக்குக் கூடக் கொஞ்சம் கொடுக்கலாமா என்பதுதான்.

எங்கள் பக்கம் வருவது ‘ஸ்பெஷல் நாடகம்’. இதில் கம்பெனி, குழு என்று எதுவும் கிடையாது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் போன்ற ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. ஏஜெண்டைப் பிடித்து ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஹார்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேச வேண்டும். ஒருவர் மதுரையிலிருந்து தென்காசி பஸ் ஏறுவார், இன்னொருவர் முந்தின ராத்திரி ஆடிய ஊரிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு நேரே வருவார். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. முருகனும் வள்ளியும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒப்பனைக் கொட்டகையில் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டு, “எந்த ஊருக்கா நீங்க?” என்று விசாரித்து, விடிவதற்குள் கல்யாணம் முடித்து, ஆறரை மணி பஸ்ஸில் ஆளுக்கொரு திசையாகப் போய்விடுவதும் உண்டு.

தமிழ் எழுத வரும் என்று தெருவே முடிவு கட்டிவிட்டதால் நோட்டீஸ் அடிப்பது என் பொறுப்பு. பார்க்கச் சின்ன வேலை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம் உண்டு. பெயரைவிடப் பட்டம் நீளம். ‘நகைச்சுவைத் தென்றல்’ என்று ஒரு பபூனுக்குப் போட்டால், போன ஊரில் ‘நகைச்சுவைப் புயல்’ என்று போட்டார்களே என்பார். நாரதரின் படம் வள்ளி படத்தைவிட ஒரு நூல் சின்னதாகிவிடக் கூடாது. இதற்கெல்லாம் கீழே தலைவர், செயலாளர், பொருளாளர், விழாக் கமிட்டி, வெளிநாடு வாழ் இளைஞர்கள் என்று பெயர்கள். எல்லாப் பெயரும் ஏறிய பிறகு நாடகத்தின் பெயருக்கு இடம் தேட வேண்டியிருக்கும். போடாவிட்டாலும் குடி முழுகாது. என்ன நாடகம் என்றுதான் எல்லாருக்கும் தெரியுமே!

அடுத்த சோதனை நேரம். 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழாக் காலத்தில் வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். பத்திலிருந்து ஆறு! அச்சு அசலாக எங்கள் நாடக நேரம். விதி எழுதிய புண்ணியவான் ஏதோ ஒரு வள்ளி திருமணத்துக்குப் பக்கத்து வீட்டில் தூங்க முயன்றிருக்க வேண்டும். சரி, ஏழு மணிக்கே ஆரம்பித்துவிடலாமா என்று கமிட்டியில் கேட்டுப் பார்த்தோம். “ஏழு மணிக்கு சீரியல் ஓடும். முருகனே வந்தாலும் எவளும் வர மாட்டா” என்று பதில் வந்தது. ஆகவே குழாய் ஸ்பீக்கருக்கு விடை கொடுத்து, பந்தலுக்குள் இரண்டு சின்னப் பெட்டியோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு. முருகனுக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்பதை நாரதர்தான் சொல்ல வேண்டும்.

ஏனென்றால் வள்ளி திருமணத்தின் சங்கதியே நாரதர்–வள்ளி தர்க்கத்தில்தான் இருக்கிறது. தினைப்புனத்துக்கு வந்து, வள்ளியிடம் முருகன் பெருமையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்: கதைப்படி நாரதருக்கு அவ்வளவுதான் வேலை. ஆனால் அவர் ஒரு கேள்வி போடுவார். வள்ளி அதைத் திருப்பிப் போடுவாள். ஆண் பெரியவனா பெண் பெரியவளா, விதியா மதியா என்று இழுத்துக்கொண்டே போய், சைவ சித்தாந்தத்தில் நுழைந்து, சிலிண்டர் விலை வழியாக வெளியே வருவார்கள். முன் வரிசைப் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். தூங்குகிறார்கள் என்று ஏமாந்துவிடக் கூடாது. பாட்டில் தளை தட்டினால் உடனே முழிப்பார்கள். வள்ளி மடக்கினால் பெண்கள் பக்கம் குலவை. நாரதர் மடக்கினால் ஆண்கள் பக்கம் விசில். நடுவில் மைக்செட்காரர் குறுக்கிட்டு, “தர்க்கத்தைப் பாராட்டி அன்பளிப்பு ரூபாய் நூறு” என்று வாசிப்பார். நூறு வாங்கிய பிறகு நாரதர் எப்படி நிறுத்துவார்?

இதற்குள் முருகன் படும் பாட்டை மேடைக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். முழு அரிதாரத்தோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கிரீடம் மடியில். ஒரு கையில் சுக்குக் காப்பி, இன்னொரு கையில் செல்போன். உள்ளே நாரதர் அவருடைய பன்னிரு கைகளைப் பற்றி ராகம் போட்டுக்கொண்டிருக்க, இவர் பெருவிரலால் மணி பார்ப்பார். நேரம் இருந்தால் விருத்தன் வேஷம் உண்டு, ஆனை உண்டு. இல்லாவிட்டால் வேடனாக நுழைந்த கையோடு மாலை மாற்ற வேண்டியதுதான்.

சிரித்துக்கொண்டே சொன்னாலும், இந்த நாடகத்துக்கு எங்கள் மாவட்டத்தில் பெரிய வம்சம் இருக்கிறது. கடையநல்லூர், தென்காசி தாண்டினால் செங்கோட்டை. எஸ்.ஜி. கிட்டப்பா அந்த ஊர்க்காரர். மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அவரும் கே.பி. சுந்தராம்பாளும் வள்ளி திருமணத்தில் ஜோடி சேர்ந்தார்கள். மேடைக்கு வெளியேயும் கல்யாணம் செய்துகொண்டார்கள். 1933-ல், இருபத்தேழு வயதில், கிட்டப்பா போய்விட்டார். அதன் பிறகு சுந்தராம்பாள் எந்த ஆணோடும் ஜோடியாக நடிக்கவில்லை. 1935-ல் வந்த ‘நந்தனார்’ படத்துக்கு அழைத்தபோது, ஒரு லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு அவரே நந்தனாராக நடித்தார். முருகனாக வேஷம் கட்டுகிறவர் யாராக இருந்தாலும் அந்தக் குரலின் வாரிசுதான், சுருதி கொஞ்சம் விலகினாலும்.

சங்கரதாஸ் சுவாமிகள் காலமாகி நூறு வருஷம் தாண்டிவிட்டது. இன்னும் ஏன் அதே நாடகம் என்று பட்டணத்திலிருந்து வரும் மருமகன்கள் கேட்கிறார்கள். என் பதில் இது: பட்டணத்துப் புது நாடகம் இரண்டாம் தடவை மேடையேறும்போதே பழசாகிவிடுகிறது, அதே வசனம், அதே சிரிப்பு. வள்ளி திருமணத்தில் கதை மட்டும்தான் பழசு. இன்றைக்கு நாரதர் என்ன கேட்பார் என்று வள்ளிக்குத் தெரியாது. வள்ளி என்ன சொல்வாள் என்று நாரதருக்குத் தெரியாது. ஒத்திகையே பார்க்காத நாடகம் எப்படிப் பழசாகும்?

ஆகவே கொடைக்கு அவசியம் வாருங்கள். பாய் நீங்களே கொண்டுவர வேண்டும். முன் வரிசை பெரியவர்களுக்கு. அதில் துண்டு போட்டு இடம் பிடிக்காதீர்கள். தலைக்கட்டு வரி பாக்கி இருப்பவர்கள் நாடகத்துக்கு முன்பே கட்டிவிடுங்கள். கட்டாதவர்கள் பெயரைத் தர்க்கத்துக்கு நடுவில் மைக்கில் வாசிப்பது என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது.