ஓவனுக்குள் நுழையாத அழகு

பாத்திரம் வாங்குவதைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கடைக்குள் நுழைந்ததும் விரலை மடக்கிச் சுண்டிப் பார்ப்பார்கள். தூக்கிக் கனம் பார்ப்பார்கள். கவிழ்த்து அடியைத் தடவுவார்கள். தராசில் ஏறிவிட்டால் கடைக்காரர் என்ன பேச்சுக் கொடுத்தாலும் கண் தராசைவிட்டு நகராது. பழைய அண்டாவைப் போட்டு விலையில் கழித்துக்கொண்டு, புதியதன் விளிம்பில் பெயரையும் வெட்டி வாங்கிக்கொண்டுதான் படியிறங்குவார்கள்.

இத்தனை வித்தையும் பலிக்காத இடம் ஒன்று அதே கடையின் மாடியில் முளைத்திருக்கிறது: பேக்கிங் பாத்திரங்கள் அடுக்கிய அலமாரி. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் எடைக்கணக்கு கிடையாது, உருப்படிக்கு இவ்வளவு என்பதுதான். பழசைக் கொண்டுபோனால் சல்லிக்காசு பெயராது. பெயர் வெட்டவும் வழியில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேக்கோடு போன பாத்திரம் அங்கேயே தங்கிவிட்டால், அது தன்னுடையதுதான் என்று சாதிக்க எந்த அத்தாட்சியும் இல்லை.

மதுரையில் ஒரு மருமகள் புது ஓ.டி.ஜி. அடுப்பு வாங்கிய கையோடு, மாமியாரையும் கணவரையும் அழைத்துக்கொண்டு இந்த அலமாரி முன்னால் வந்து நின்றார். அவர் கண் போனது ஒரு நீளமான வெள்ளைப் பீங்கான் பாத்திரத்தின் மேல். நீல விளிம்பு, இரு பக்கமும் காது மாதிரி அகலக் கைப்பிடி, மேசையில் வைத்தால் விருந்தாளி சாப்பாட்டை மறந்துவிட்டுப் பாத்திரத்தை விசாரிப்பார். விலைச்சீட்டைப் பார்த்த கணவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். வாங்கியாயிற்று. வீட்டுக்கு வந்து அடுப்புக்குள் வைத்தால் வலது காது கதவுக்கு வெளியே நிற்கிறது. திருப்பி வைத்தால் இடது காது. "கதவைக் கொஞ்சம் திறந்தே வச்சுப் பண்ணக் கூடாதா?" என்று கேட்ட கணவருக்கு அன்றைக்கு இரவு உப்புமாதான் கிடைத்தது. பாத்திரத்தில் இப்போது மலைப்பழம் இருக்கிறது. மிகவும் பொருத்தமாகவே இருக்கிறது.

கோளாறு பாத்திரத்தில் இல்லை. மேல்நாட்டுச் சமையல் புத்தகங்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் 13 அங்குல நீளம், 9 அங்குல அகலம் என்ற அளவு, அங்கே சுவரோடு சேர்ந்து நிற்கும் பெரிய அடுப்புகளுக்காக ஏற்பட்டது. 33 சென்டிமீட்டர் உடம்பு, அதற்கு மேல் கைப்பிடிகள். நம் வீட்டு மேடையில் மிக்சிக்கும் தண்ணீர் ஃபில்டருக்கும் நடுவே ஒண்டியிருக்கும் ஓ.டி.ஜி.யில் அது உட்காராது. அப்படியே உட்கார்ந்தாலும், சுற்றிலும் ஓர் அங்குலமாவது இடைவெளி விட்டால்தான் சூடான காற்று ஓடும். இல்லாவிட்டால் ஓரம் கருகும், நடு குழையும். கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. உள்ளே சுழலும் வட்டத்தட்டின்மேல் செவ்வகப் பாத்திரத்தை வைத்தால், ஒவ்வொரு மூலையும் சுவரில் முட்டி, டக் என்று நின்று, தட்டு எதிர்ப்பக்கம் திரும்பி, அங்கேயும் டக் என்று முட்டும். நாற்பது நிமிடம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு வட்டப் பாத்திரத்தின் அருமை தெரியும். அழகை ரசிப்பதற்கு முன் அடுப்பின் உட்புறத்தை டேப் வைத்து அளந்துகொண்டு போகிறவர்களைக் கடைக்காரர்கள் ஜன்னல் திரை வாங்க வந்தவர்கள் என்று நினைக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அளவில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. 8 அங்குல வட்ட டின்னுக்கும் 9 அங்குல வட்ட டின்னுக்கும் ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். பரப்பைக் கணக்குப் போட்டால் முன்னது சுமார் 50 சதுர அங்குலம், பின்னது கிட்டத்தட்ட 64. நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். 8 அங்குலத்துக்குச் சொன்ன மாவை 9 அங்குலத்தில் ஊற்றினால் கேக் சப்பையாகி, சீக்கிரம் வெந்து, வறண்டு போகும். பழி பேக்கிங் பவுடர்மேல் விழும். இதில் வசதி என்னவென்றால், 8 அங்குலச் சதுர டின்னின் பரப்பும் அதே 64. ஆகவே வட்டம் ஒன்பதும் சதுரம் எட்டும் ஒன்றுக்கொன்று தாராளமாக ஈடு கொடுக்கும்.

எதில் செய்தது வாங்குவது என்ற கேள்வியில்தான் நம் ஆட்களின் மனம் நோகும். எவர்சில்வர் மேல் நமக்கிருக்கும் பாசத்துக்கு எல்லை கிடையாது. ஆனால் வெப்பம் கடத்துவதில் அது மகா மந்தம். பௌதிகக்காரர்களின் அளவுகோலில் அலுமினியம் 200-க்கு மேல் வாங்குகிறது, எவர்சில்வர் சுமார் 15, கண்ணாடி 1. கேக் மாவுக்குச் சூடு சீக்கிரமும் சீராகவும் போய்ச் சேர வேண்டும். அந்த வேலையை அலமாரியின் அடித்தட்டில் தூசியோடு கிடக்கும் சாதா அலுமினிய டின்தான் ஒழுங்காகச் செய்யும். ஓவன் வீட்டுக்குள் வராத காலத்தில், குக்கருக்குள் உப்பையோ மணலையோ பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, உள்ளே வைத்துக் கேக் சுட்டார்களே, அப்போதும் வேலை பார்த்தது இந்த அலுமினியம்தான். அதைப் புகழ்ந்து யாரும் பேசியதில்லை. பார்க்கவும் லட்சணமாக இருக்காது. பத்து வருஷம் கழித்து நெளிந்துபோய் இருக்கும், ஆனால் கேக் வரும். தக்காளி, எலுமிச்சை மாதிரிப் புளிப்புச் சமாச்சாரங்களை மட்டும் பூச்சில்லாத அலுமினியத்தில் வைக்கக் கூடாது. உலோகம் கரைந்து ருசியில் ஏறும். கறுப்பு டின் வாங்கினால் அது வெப்பத்தை அதிகமாக உறிஞ்சும் என்பதால் ஓரம் முன்கூட்டியே சிவந்துவிடும். ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

கண்ணாடியும் பீங்கானும் சூடாக நேரம் எடுத்துக்கொள்ளும். சூடானபின் அதை லேசில் விடாது. அதனால்தான் பாலாடைக்கட்டி உருக உருக மேசைக்கு வரும் லசான்யாவுக்கும், மக்ரோனிக்கும், பிரெட் புட்டிங்குக்கும் அவை ஏற்றவை. கண்ணாடியில் கேக் சுட்டே தீருவேன் என்பவர்கள் அடுப்பின் சூட்டை 15 டிகிரி போலக் குறைத்துக்கொண்டால் ஓரம் தப்பும்.

சொல்லப்போனால், கண்ணாடிப் பாத்திரம் சமையலறைக்குள் வந்ததே ஒரு கேக்கின் முதுகில் ஏறித்தான். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் என்ற ஊரில் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ரயில்வே சிக்னல் விளக்குகளுக்கான கண்ணாடி, உள்ளே தீபச் சூடும் வெளியே மழையும் பனியும் தாங்காமல் விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மருந்தாக, சூட்டில் அதிகம் விரியாத நோனெக்ஸ் என்ற கண்ணாடியை அவர்கள் உருவாக்கினார்கள். விளக்குகள் உடைவது நின்றது. கூடவே மாற்றுக் கண்ணாடிக்கான வியாபாரமும் படுத்தது. நல்ல பொருள் செய்கிறவனுக்கு எப்போதும் வரும் கஷ்டம் இது. 1913-இல் அங்கே ஜெஸ்ஸி லிட்டில்டன் என்ற இயற்பியலாளர் வேலைக்குச் சேர்ந்தார். அவர் மனைவி பெஸ்ஸியின் மண்பாண்டம் ஒன்று அடுப்பில் வெடித்துப்போக, தொழிற்சாலையிலிருந்து ஏதாவது உருப்படியாகக் கொண்டுவாருங்கள் என்று கேட்டார் அந்த அம்மாள். கணவர் பேட்டரி ஜாடிகளின் அடிப்பாகத்தை அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி கேட்ட பாத்திரத்துக்குப் பதில் பாதி பேட்டரியைக் கொண்டுவந்து நீட்டியும் வீட்டில் சண்டை வரவில்லை. பெஸ்ஸி அதில் ஸ்பாஞ்ச் கேக் சுட்டார். சீராக வெந்தது, ஒட்டாமல் வந்தது, வேகும்போதே பக்கவாட்டில் எட்டிப் பார்க்கவும் முடிந்தது. நோனெக்ஸில் ஈயம் இருந்ததால் அதை நீக்கிச் சமையலுக்கு ஏற்றபடி மாற்றி, 1915-இல் பைரெக்ஸ் என்ற பெயரில் கடைக்கு அனுப்பினார்கள்.

போரோசிலிகேட் என்கிற இந்தக் கண்ணாடிக் குடும்பத்துக்கு மூல புருஷர் ஜெர்மனியின் ஓட்டோ ஷாட். சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும். நம் நாட்டில் கார்னிங்கின் கூட்டோடு 1962-இல் தொடங்கிய நிறுவனம், கண்ணாடியின் பெயரையே சுருக்கி போரோசில் என்று வைத்துக்கொண்டது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் உடைத்துவிட்டுத் தண்டம் கட்டிய பீக்கரின் ஒன்றுவிட்ட தங்கைதான் இன்று அடுப்பில் புட்டிங்கோடு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனால் கண்ணாடியாக இருப்பதெல்லாம் போரோசிலிகேட் இல்லை. அமெரிக்காவில் பைரெக்ஸ் என்ற பெயரிலேயே இன்று விற்பது, சாதாரண சோடா கண்ணாடியைச் சூடேற்றிக் குளிரவைத்து வலுவூட்டியது. பிரான்சில் செய்வது போரோசிலிகேட். சோடா கண்ணாடி கீழே விழுந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். திடீர்ச் சூடு குளிருக்குத் தாங்காது. எனவே பிராண்டின் பெயரைவிட அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிப்பது மேல். மாமியாரின் மூக்குக்கண்ணாடி இதற்குத்தான் கடைக்கு வர வேண்டும்.

எந்தக் கண்ணாடியானாலும் அதற்கு நம் வீட்டில் காத்திருக்கும் எமன் ஒருவன் உண்டு: கிரானைட் மேடை. கறுப்பாக, பளபளவென்று, அப்போதுதான் ஈரத்துணியால் துடைத்துக் குளுகுளுவென்று இருக்கும். 180 டிகிரியில் இருந்து வெளியே வந்த பாத்திரத்தை அதன்மேல் இறக்கினால், அடி சட்டென்று சுருங்கப் பார்க்கும். மேல்பாகம் விரிந்தபடியே நிற்கும். இந்த இழுபறி தாளாமல் பாத்திரம் பிளக்கும், சில சமயம் சிதறும். மடித்த உலர்ந்த துணியோ மரப்பலகையோ போதும், ஆபத்து தீர்ந்தது. சூட்டோடு குழாயடிக்குக் கொண்டுபோவது, வெந்துகொண்டிருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றுவது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேரே அடுப்புக்குள் தள்ளுவது எல்லாம் அதே ரகம். கேஸ் அடுப்பின்மேல் வைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

கண்ணாடி உடையாமல் தப்பிய கதையும் ஒன்று உண்டு. முன்பு சொன்ன அதே கார்னிங்கில் 1953-இல் டொனால்ட் ஸ்டூக்கி என்ற விஞ்ஞானி 600 டிகிரிக்கு வைத்த உலை, கட்டுப்பாடு கெட்டு 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. உருகி ஓடியிருக்கும் என்று பயந்து திறந்தால், கண்ணாடித் தகடு வெள்ளையாகி அப்படியே இருந்தது. வெளியே எடுக்கும்போது இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. உடையவில்லை, இரும்புத் தகடு மாதிரி ஓசைதான் எழுந்தது. அந்த வகைப் பொருள் ஏவுகணைகளின் மூக்குக்கும் போயிற்று, 1958-இல் நீலப்பூப் போட்ட கார்னிங்வேர் பாத்திரமாகச் சாப்பாட்டு மேசைக்கும் வந்தது.

மாமியாரின் வித்தை முழுக்க வீண் என்று நினைத்துவிட வேண்டாம். பீங்கான் பகுதியில் அது ஜெயிக்கிறது. அந்த மதுரை மாமியார் ஒரு பாத்திரத்தை உள்ளங்கையில் ஏந்தி விரலால் சுண்ட, விற்பனைப் பையன், "இது எவர்சில்வர் இல்லம்மா" என்று சிரித்தான். "தெரியும் தம்பி, அடுத்ததை எடு" என்றார் அவர். நன்றாக வெந்த, கீறலில்லாத பீங்கான் கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். பானை வாங்கிய தலைமுறையின் சோதனை பீங்கானுக்கும் அப்படியே செல்லும். மூன்றாவதாக எடுத்தது பொத்தென்று ஒலித்தது. பையன் அதை எதுவும் பேசாமல் உள்ளே கொண்டுபோனான். கவிழ்த்து அடியைத் தடவும் பழக்கமும் இங்கே உதவும்: பளபளப்புப் பூச்சு சீராக இருக்கிறதா, ஓவனுக்கு ஆகும் என்று அடியில் அச்சிட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம். பீங்கான் போலவே பூப்போட்டு மினுக்கும் மெலமைன் தட்டுகள் அதே அலமாரியில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். அவை பிளாஸ்டிக் ஜாதி. அடுப்புப் பக்கமே போகக் கூடாதவை. கண்ணாடிப் பாத்திரத்தோடு வரும் பிளாஸ்டிக் மூடிக்கும் இதே விதி.

அழகு வேண்டும், ஆனால் அலுமினியத்தின் குணமும் வேண்டும் என்பவர்களுக்கு பண்ட் டின் இருக்கிறது. நடுவில் குழல், சுற்றிலும் வரிவரியாக மடிப்பு. மினியாபோலிஸ் ஊர் யூதப் பெண்கள் சிலர் கேட்டுக்கொண்டதன் பேரில் டேவிட் டால்குவிஸ்ட் 1950-இல் வார்த்தது. பல வருஷம் சீந்துவாரில்லை. 1966-இல் பில்ஸ்பரி சமையல் போட்டியில் எல்லா ஹெல்ஃப்ரிச் என்ற பெண்மணி இந்த டின்னில் சுட்ட சாக்லேட் கேக் இரண்டாம் பரிசு வாங்கியது. டின் எங்கே கிடைக்கும் என்று கேட்டு இரண்டு லட்சத்துக்கும் மேல் கடிதங்கள் குவிந்தன. முதல் பரிசு வாங்கிய பலகாரத்தின் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. இதில் பாத்திரத்தின் அழகு கேக்குக்கே இடம் மாறிவிடுகிறது என்பதுதான் விசேஷம். ஒரு மடிப்பில் வெண்ணெய் தடவ மறந்தாலும் கேக்கின் ஒரு கன்னம் டின்னிலேயே தங்கிவிடும் என்பதும் உண்மை.

உழைப்பைத் தீர்மானிக்கும் கடைசி நீதிமன்றம் கழுவுமிடம். கண்ணாடியின் மூலையில் எண்ணெய் காய்ந்து பழுப்பாகப் படிந்ததைப் பார்த்ததும், பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் கை தானாகக் கம்பி நாரைத் தேடும். அதில் விழும் மெல்லிய கீறல்களில் இருந்துதான் அடுத்த விரிசல் புறப்படும். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி ராத்திரி ஊறவிட்டால், காலையில் சாதா பஞ்சு நாருக்கே வந்துவிடும். இதை மருமகள் விளக்கிச் சொன்னபோது அந்த அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப இதை நீங்களே ஊறப்போட்டு நீங்களே கழுவிருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, நெளிந்த அலுமினிய டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.